அம்மா உட்காரும் பக்கம்

பிள்ளைகளே, என் டிபன் பையிலிருந்து ஏழெட்டு வரவேற்பு அட்டைகளை எடுத்துக் காட்டி, "ஞாயித்துக்கிழம ஷிஃப்ட்டுன்னு சொன்னியேப்பா, இதெல்லாம் இன்னா?" என்று கேட்டீர்கள். தண்ணீர் கேன்காரர் கூப்பிடுகிறார் என்று நான் வெளியே போய்விட்டேன். அன்றைக்குக் கேன்காரர் வரவே இல்லை. அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து, தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா இறந்துபோன பிறகு நம் சர்ச்சுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. உங்களுக்கே தெரியும், அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அம்மா இரண்டாவது ஜன்னலோரம் பாயில் உட்காருவாள், நான் எதிரே தூணோரம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பிரசங்கத்தில் நான் தூங்கி விழுந்தால், அங்கிருந்து ஒரு செருமல் செருமுவாள். எத்தனை பேர் இருமினாலும் அது எனக்குத் தனியாகக் கேட்கும். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு அந்த ஜன்னலோரத்தில் ஒருவரும் உட்காரவில்லை. மரியாதைக்காக விட்டிருந்தார்கள். ஆராதனை முழுக்க அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வாரம் உங்களை அத்தையோடு அனுப்பிவிட்டு, ஷிஃப்ட் என்று பொய் சொன்னேன்.

கடவுளை விட்டுவிடவும் மனம் வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஷீட் கூரை போட்ட ஒரு சபைக்குப் போனேன். பொன்னேரிப் பக்கம் ஒரு பழைய சர்ச். வேப்பம்பட்டில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் ஒரு சபை. எங்கே போனாலும், "முதல் தடவையா வந்திருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்பார்கள். நிற்பேன். கை தட்டி ஒரு அட்டை கொடுப்பார்கள்.

"குடும்பத்தைக் கூட்டினு வரலியா பிரதர்?"

"அடுத்த வாரம் கூட்டினு வரேன்."

அடுத்த வாரம் வேறு சர்ச்சில் நிற்பேன். அம்மா இறந்துவிட்டாள் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. கைதட்டல் கேட்டு உட்காரும்போதெல்லாம் ஏனோ பஸ் மாறி ஏறியவன் போல இருக்கும்.

அப்படிப் போன ஒரு சபையில், ஆரணிப் பக்கம் ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கும் இருளர் காலனியில் ஜெபத்துக்கு ஒரு ஷெட் போடுகிறோம், வெல்டர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். எழுந்துவிட்டேன். கம்பெனியில் ஒரு வாரம் லீவு சொல்லி, உங்களை அத்தை வீட்டில் விட்டுப் போனேன். சின்னவள் டாட்டா காட்டவில்லை. அது எனக்கு மறக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வீடுகள். தனியாக இருந்த ஒருவர், என் வயதுதான், தன் வீட்டில் எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார். என் பேரைக் கூட அவர் கேட்கவில்லை. நான்காம் நாள் ஜெனரேட்டர் மக்கர் செய்தது. வேலை நின்றது.

"சும்மா குந்திக்கினு இருந்தா துரு புடிச்சிரும், வா நைனா" என்று அறுப்பு முடிந்த வயலுக்கு எலி பிடிக்கக் கூட்டிப்போனார்.

வரப்பில் இருந்த வளைகளை மண் வைத்து அடைத்தார், இரண்டைத் தவிர. அடியில் ஓட்டை போட்ட சட்டியில் வைக்கோலைப் புகைய வைத்து, ஒன்றின் வாயில் கவிழ்த்து, ஓட்டை வழியாக ஊதுவார். மற்றதன் வழியாக எலி வெளியே வரும். அங்கே ஓர் ஆள் வேண்டும்.

"அந்தாண்ட குந்து. வந்தா கப்புனு புடிச்சிக்க."

"கடிச்சா?"

"கடிச்சா ஒனக்கு நஷ்டம், உட்டா எனக்கு நஷ்டம்."

அவர் கன்னம் உப்ப ஊதினார், புகையில் கண்ணீர் வழிய இருமினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலி என் காலுக்கிடையில் ஓடிவிட்டது.

"இன்னா நைனா! வளையப் பாக்கச் சொன்னா என் மூஞ்சியப் பாத்துக்கினு கீற. வெல்டிங்குல கண்ணு அவிஞ்சிபோச்சா?"

அடுத்த வரப்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல மாதம் கழித்து.

அடுத்த வளையில் சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் எதிர்ப் பக்கம் போய்க் குந்தினார்.

"இது என் பொண்டாட்டி குந்துற எடம். அவ கைக்கு ஒண்ணு தப்பாது. போன வருசம் போயிட்டா."

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த எடத்துல குந்த ஒரு மாதிரி இல்லியா?"

"மொதல்ல இந்தப் பக்கமே வரல. அப்புறம் வயிறுன்னு ஒண்ணு கீதே. வந்து குந்துனேன். இங்கேர்ந்து பாத்தா அங்க ஊதுற ஆளு மூஞ்சி கொரங்காட்டம் தெரியுது. அதான் அவ அப்டி சிரிச்சினு இருந்தா போல. எனக்கு இத்தினி வருசம் தெரியாது." என்னையே பார்த்தார். "ஒன் பொண்டாட்டி?"

"எனக்கும் போயிட்டா" என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன்.

அவர், "ம்" என்றார். பிறகு, "ஊது, பொக அடங்குது" என்றார்.

வளையை வெட்டி எடுத்ததில், எலி சேர்த்து வைத்திருந்த நெல் அரை முறம் தேறியது. அதை வெயிலில் உலர்த்திக் குத்தி, மறுநாள் சோறாக எனக்குத்தான் முதலில் போட்டார்.

ஜெனரேட்டர் சரியாகி, ஷெட் முடிந்து முதல் ஜெபம் நடந்தது. போதகர் பழக்கத்தில், புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். ஒருவரும் எழவில்லை. "நாங்க இங்கியே பொறந்தவங்க சாமி, புதுசு நீங்கதான்" என்றாள் ஒரு பெண். போதகரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் மதியம் ஊர் வந்து இறங்கினேன். நேராக அத்தை வீட்டுக்கு வரவில்லை. நம் சர்ச்சின் பக்கக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. பெண்கள் பக்கம் போய், இரண்டாவது ஜன்னலோரம் பாயை விரித்து உட்கார்ந்தேன். எதிரே என் தூண். உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில் சுண்ணாம்பு போய், எண்ணெய்க் கறை கறுப்பாக வட்டமாகப் படிந்திருந்தது. அத்தனை வருடம் அதில் சாய்ந்து தூங்கிய எனக்கு அது தெரியாது.

ஒரு தரம் தொண்டையைச் செருமினேன். பிறகு பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினேன்.