ஒரு ஓட்டில் தோற்ற மாமா

மாமா வார்டு கவுன்சிலர் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போனார். அவருக்கு விழாமல்போன அந்த ஓட்டு யாருடையது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது எனக்கு ஒன்பது வயது. பயத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பதினோரு வருசம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர் மாமா. வந்து ஆறு மாதம் ஆவதற்குள் தேர்தலுக்கு நோட்டீஸ் அடித்துவிட்டார். வந்துபோன கூட்டத்துக்கெல்லாம் மாமி முகம் கோணாமல் ஆக்கிப் போட்டாள். ஓட்டுப் போடும் நாளன்று எல்லோரும் போய் வந்த பிறகு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூட வாசலில் நின்று வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எனக்கொரு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டாள். முதல் நாளே பத்து விரலுக்கும் மருதாணித் தொப்பி வைத்திருந்தாள்; அந்தச் சிவப்பில் மை வைத்ததும் வைக்காததும் தெரியாது. அதிலும் வேட்பாளர் பெண்டாட்டியின் விரலில் மை இருக்கிறதா என்று யார் தேடப்போகிறார்கள்?

முடிவு வந்ததிலிருந்து மாமா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த ஓட்டு விழுந்திருந்தால் சமமாகி, குலுக்கலாவது நடந்திருக்கும்.

அந்த வாரம் மதுரையிலிருந்து ஒரு கல்லூரி அக்கா படிவத்தோடு வந்தாள். யார் ஓட்டுப் போட்டார்கள், யார் போடவில்லை, ஏன் என்று ஆராய்ச்சியாம்.

"நீங்க ஓட்டுப் போட்டீங்களாம்மா?"

"போடாம? எங்க வீட்டுக்காரரே நிக்கிறப்போ போடாம இருப்பேனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமி பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குறித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்.

"உங்க தெருவுல போடாதவங்க எதனால போடலைன்னு நினைக்கிறீங்க?"

மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு தெருக்கோடியில் போகிற மீன்காரரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "பதினோரு வருசம் போன்லயே குடும்பம் நடத்துனவ ஒருத்தி இருப்பா. இப்பத்தான் அவ புருசன் வீட்டுல ஒக்காந்து சோறு திங்கிறாக. செயிச்சுட்டா மறுபடியும் வீடு தங்க மாட்டாக. அவ எப்பிடிம்மா போடுவா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. மாமா வெளியே வந்து மாமியின் சிவந்த விரல்களையே பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "டீ போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஓட்டுப் போடாதவரிடம் நேராகக் கேட்டால் உண்மை வராது, அடுத்தவரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்க வேண்டும் என்று பின்னால் கல்லூரியில் படித்தபோதுதான் அந்த அக்காவின் சூட்சுமம் விளங்கியது. எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் மாமி அவ்வளவு சத்தமாக ஏன் பேசினாள் என்பது விளங்க, எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் சவுதிக்கு விமானம் ஏற வேண்டியிருந்தது.