எங்கள் வீட்டுக்காரரின் பிழையில்லாத தமிழ்

இன்று காலை தபால்காரர் போனதும் பக்கத்து வீட்டு மெய்யம்மை கடிதத்தோடு ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்காரரும் ரங்கூனில் ஒரே கடையில் இருக்கிறார்கள். இந்தக் கப்பலில் அவளுக்குக் கடிதம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"ஆச்சி, இதைப் பாருங்க!"

பார்த்தேன். வரிக்கு நாலு பிழை. ஆரம்பித்த வாக்கியம் ஒன்றுகூட ஒழுங்காக முடியவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் எழுதிய முதல் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு அவர்மேல் ஆசையே வந்தது. ஓர் எழுத்துப் பிசகாத தமிழ்!

"என்னடி இது? இப்படி எழுதுற மனுசரோட எப்படிக் குடும்பம் நடத்துவே?" என்றேன்.

அவள் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுதான் ஆச்சி அவுகளே எழுதின முதல் கடுதாசி. இம்புட்டு நாளும் கணக்கப்பிள்ளைதான் எழுதிக் குடுத்திருக்காரு. அவருக்குக் காய்ச்சலாம். அதான் அவுகளே உக்காந்து, 'மனசு உன்னையே தேடுது'ன்னு எழுதியிருக்காக. கணக்கப்பிள்ளைகிட்ட அதையெல்லாம் சொல்ல முடியுமா? கடையில எல்லாருக்கும் அவருதான் எழுதுவாரு..."

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து என் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். என்ன தமிழ்! இப்போதும் சொக்கித்தான் போகிறேன். யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

நாளை கோயிலுக்குப் போகிறேன். கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, இன்னும் ஒரு மாதம் படுத்துக் கிடக்கட்டும் என்றா?

தோழிகளே, யோசனை சொல்லுங்கள். சொந்தக் கையெழுத்தில்.