நான் கல்வெட்டாக நின்ற நாள்

போன மாசம் கோவில் பிரகாரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்தேன். இருபது பேர் இருக்கும். சுவரில் இருந்த பழைய எழுத்துகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்க்கத் தேய்க்க, தெப்பக்குளத்தில் மீன் மேலே வருகிற மாதிரி எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளுக்கு ஏறி வந்தன. அறுபது வருஷமாக அந்தச் சுவரைச் சுற்றி வருகிறேன். அதில் எழுத்து இருப்பதே எனக்குத் தெரியாது. கையில் திருநீறு மிஞ்சினால் அங்கேதான் தடவிவிட்டுப் போவேன்.

"ஆச்சி, இந்த ஓரத்தக் கொஞ்சம் பிடிங்க. காத்துல பறக்கு," என்றது ஒரு பெண்பிள்ளை.

பிடித்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. நானும் ஒரு காலத்தில் கல்வெட்டாக இருந்தவள்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எனக்கு எதுவும் வாய் வரைக்கும்தான் வரும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் டீச்சர் சிவகிரி பஸ்ஸில் வருவார். பஸ் பிந்தினால் பாடமும் பிந்தும். அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் வரைக்கும் சரித்திரம் என்றால் எங்களுக்கு ராஜாக்கள் பெயரைக் கூட்டமாகக் கத்துவதுதான். யார் முன்னே, யார் பின்னே என்று கேட்டால் எல்லா ராஜாக்களும் ஒரே சந்தையில் நிற்கிற மாதிரி குழம்பும். இந்த டீச்சர் வந்த முதல் வாரமே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார். அட்டையில் கிரீடம் செய்தோம். கோணிப்பையை மாட்டிக்கொண்டு நாலு பேர் சேர்ந்து ஒரு யானை ஆனார்கள். ஆளுக்கொரு வேஷம்.

எனக்கு வேஷம் கொடுப்பதுதான் கஷ்டம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே சடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்பேன். டீச்சர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ பேசவே வேண்டாம் மக்கா. நீ கல்வெட்டு. சும்மா நின்னாப் போதும்," என்றார்.

ஒரு சின்னக் கரும்பலகையில் கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டினார். நான் சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்க வேண்டும். கிரீடம் வைத்த ராஜா வந்து தானம் கொடுப்பார். டீச்சர் சாக்பீஸால் அதை என் மேல் எழுதுவார். இன்னார், இன்னாருக்கு, இன்னது கொடுத்தார், சந்திரனும் சூரியனும் உள்ள மட்டும். கடைசியில் ஒரு வரி உண்டு. இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். அந்த வரி வரும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

"அந்தக் கடைசி வரிய எழுதாம விட்டா, டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டான்.

"எழுதாட்டாலும் கல்லுக்குத் தெரியும்லா," என்றார் டீச்சர்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது.

நின்று நின்று பழகிவிட்டது. ஜன்னல் வழியாக வரும் வெயில் என் பாதத்தில் தொடங்கி முழங்கால் வரைக்கும் ஏறும். யானை ஓடும், ராஜா ஓடுவார், படை ஓடும். நான் ஆயிரம் வருஷமாக அங்கேயே நிற்பேன். என் மேல் பட்டாம்பூச்சி உட்காராதா என்று இருக்கும். பக்கத்தில் உட்காருகிற சிநேகிதிதான் அந்தக் கனவை எல்லாம் கலைப்பாள்.

"ஏட்டி கல்லு, மூக்க உறிஞ்சாத. எழுத்து ஆடுது!"

ஒரு நாள் அடக்க முடியாமல் தும்மிவிட்டேன். "கல்லு தும்மிட்டு டீச்சர்!" என்று ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்து கைகொட்டினான்.

அந்த ராஜா கடலைமிட்டாய் போடுகிறவர் வீட்டுப் பையன். அவன்தான் ஒரு நாள், எனக்கும் என் சிநேகிதிக்கும் இரண்டு கடலைமிட்டாய் தானம் செய்வதாகச் சொன்னான். டீச்சர் எழுதி முடித்துத் திரும்புவதற்குள் இரண்டையும் அவனே தின்றுவிட்டான். "ஏலே, பசுவக் கொன்னுட்டியேலே!" என்று வகுப்பே கத்தியது. மறுநாள் அவன் வரவில்லை. காய்ச்சல். அதற்கு மறுநாள், முகம் வெளுத்துப்போய், ஒரு பொட்டலம் நிறைய மிட்டாயோடு வந்து என் முன்னால் நின்றான். நான் கல்லாக இருந்ததால் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் பயந்துபோனேன். இது விளையாட்டு இல்லை என்று எனக்குப் பட்டது.

எங்கள் அப்பாவுக்குப் பூக்கடை. அதிகாலையில் பூ வாங்கி வந்து, அம்மா கட்ட, அப்பா விற்பார். வாக்குக் கொடுப்பதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆடித்தபசுத் திருவிழாவில் ராட்டினம் ஏற்றுகிறேன் என்றார். குற்றாலத்தில் குளிக்கக் கூட்டிப்போகிறேன் என்றார். அம்மனுக்கு வெண்கல மணி கட்டுவதாக நேர்ந்துகொண்டார். ராட்டினம் சுற்றி முடித்து வேறு ஊருக்குப் போய்விட்டது. மணி கட்டுவதாக அப்பா கைகாட்டிய இடத்தில் குளவி கூடு கட்டியது. "உங்க அப்பா வாக்கு பூவுல தெளிக்கிற தண்ணி. சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும்," என்பாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நிற்க வேண்டும் என்பதும் ஏறக்குறைய முடிவான விஷயம். எங்கள் தெருவில் அநேகமாக எல்லாப் பெண்பிள்ளைகளும் அப்படித்தான் நின்றார்கள். எனக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. பெரிய பள்ளிக்கூடத்து அக்காமார் எங்கள் கடையைத் தாண்டித்தான் போவார்கள். நடக்கும்போது அவர்கள் பைக்குள் என்னவோ கலகலவென்று குலுங்கும். கொலுசு மாதிரியும் இல்லை, சில்லறை மாதிரியும் இல்லை. அது என்னவென்று கேட்க வெட்கம். அந்தச் சத்தம் தெரு முக்குத் திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் அடைக்கிற சமயத்தில் டீச்சர் எல்லார் வீட்டு அப்பா அம்மாவையும் ஒரு நாள் வரச் சொன்னார். அன்று காலையில் அம்மா பக்கத்து வீட்டுச் சித்தியிடம், "இனி இவளும் எங்கூட உக்காந்து கட்டுவா. எனக்கு ஒரு கை சேந்த மாதிரி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அங்கேயே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "உம்," என்றார். நான் கேட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். துவைத்த வேட்டி, தோளில் துண்டு, கக்கத்தில் ஒரு வாழையிலைப் பொட்டலம். டீச்சருக்குப் பூ கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன். நான் சுவரோரம் பலகையோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கல் எப்படிச் சிரிக்கும்?

"இன்னைக்குப் பெரியவுகதான் ராஜா," என்று சொல்லி டீச்சர் ஒவ்வொருவர் தலையிலும் அந்த அட்டைக் கிரீடத்தை வைத்தார். மிட்டாய்க்காரர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணீர்ப் பானை கொடுத்தார். எழுதி, வாசித்து, எல்லாரும் கைதட்டியபின் பலகையைத் துடைத்தார்கள். கடைசியில் அப்பாவின் முறை. கிரீடம் அவர் தலைக்குச் சின்னது. கொக்குக் கொண்டை மாதிரி உச்சியில் நின்றது.

"ராஜா என்ன குடுக்கீக?"

"என்ன வேணும், கேளுங்க டீச்சர்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. இந்தக் கல்லுக்கு என்ன வேணும்னு பாத்துக் குடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அத்தனை நேரம் அப்பா என்னைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகத்து ராஜா மாதிரி கையைத் தூக்கினார்.

"இந்தக் கல்லு பெரிய பள்ளிக்கூடம் போவும். பத்தாங்கிளாஸ் வரைக்கும் நான் அனுப்புதேன். சந்திரனும் சூரியனும் உள்ள மட்டும்!"

எல்லாரும் ஓவென்று சிரித்துக் கைதட்டினார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. மளமளவென்று எழுதினார். சாக்பீஸ் அழுத்திய அழுத்தம் பலகை வழியாக என் நெஞ்சில் பட்டது. காராம்பசு வரி வந்ததும் அப்பா, "அது வேணுமா டீச்சர்?" என்று தலையைச் சொறிந்தார். கிரீடம் கீழே விழுந்தது.

"அது இல்லாம கல்வெட்டு உண்டுமா அண்ணாச்சி? கையெழுத்துப் போடுங்க."

அப்பா குனிந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, என் வயிற்றின் மேல் தன் பெயரை எழுதினார்.

எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் பானக்கம் குடிக்கப் போனார்கள். "உனக்கு இங்கனயே கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டு டீச்சரும் போனார். நான் மட்டும் நின்றேன். தலையைக் குனிந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது. பெரிய பள்ளிக்கூடம். பத்தாங்கிளாஸ். அப்பா பெயர். என் மூச்சுக்கு அதெல்லாம் ஏறி இறங்கியது. எங்கேயோ அந்தக் கலகலச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தேன். கிரீடத்தைத் திரும்ப வைத்துக்கொண்டு, கையில் டம்ளரோடு, மிட்டாய்க்காரரிடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் மணி கட்டவில்லை. ராட்டினம் ஏற்றவில்லை. இதையும் செய்யமாட்டார். காலையில் 'உம்' என்றவர்தானே. இரண்டு கடலைமிட்டாய்க்கு ஒரு காய்ச்சல் என்றால், பத்தாங்கிளாஸ் வரைக்கும் என்ன வரும்? எனக்கு அப்பாவை நினைத்து அழுகை வந்தது. இதோ ஒரு பசு செத்துக் கிடக்கிறது. அது தெரியாமல் பானக்கம் குடிக்கிறாரே.

பாவாடை நுனியை எடுத்து முதலில் அந்தக் கடைசி வரியை மட்டும் துடைத்தேன். பிறகுதான் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. எழுதாட்டாலும் கல்லுக்குத் தெரியும். கல் நான்தான். எனக்குத் தெரிந்துதானே இருந்தது. அதனால் மேலே இருந்ததையும் துடைத்தேன். பள்ளிக்கூடம் போயிற்று. சந்திரன் சூரியன் போயிற்று. அப்பா பெயரைத் துடைக்க மட்டும் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன்.

டீச்சர் டம்ளரோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னால் பிள்ளைகள், அப்பா.

"யாரு அழிச்சா?"

நான் கையைத் தூக்கினேன். என் பாவாடை நுனி முழுக்க வெள்ளை.

"ஏன் மக்கா?"

எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. காய்ச்சல், பசு, மணி, குளவிக்கூடு. சடையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்பா கிரீடத்தைக் கழற்றினார். "பிள்ளைக்கு இஷ்டமில்ல போலுக்கு டீச்சர்," என்றார். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

டீச்சர் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "நெசமாவே உனக்குப் படிக்க இஷ்டம் இல்லையா?"

இருக்கிறது என்று சொன்னால் அப்பா மறுபடியும் மாட்டிக்கொள்வார். இல்லை என்று தலையாட்டினேன். டீச்சர் என் கழுத்திலிருந்து பலகையைக் கழற்றிவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார். பானக்கம் நன்றாக இனித்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். வெயில் தாழ்ந்து தெருவெல்லாம் மஞ்சளாக இருந்தது. இலைப் பொட்டலம் இன்னும் அவர் கக்கத்திலேயே இருந்தது. டீச்சருக்குப் பூவைக் கொடுக்க மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். நடையில் அதற்குள் என்னவோ மெதுவாகக் குலுங்கியது. பூ குலுங்குமா? கேட்கவில்லை.

அதன்பிறகு நான் கடையில் உட்கார்ந்து பூக் கட்டினேன். நாலைந்து நாளில் கடைப் பலகையின் மேல் ஒரு புதுத் தகர டப்பா வந்தது. அப்பா அதில் மாலை கோர்க்கிற ஊசியும் நூல்கண்டும் போட்டு வைத்தார். ஊசிகளோடு, கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு அரைவட்டத் தகடும் கிடந்தது. விளிம்பில் பொடிப்பொடியாக எண்கள். ஊசி டப்பாவுக்கு இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. என் மகனை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது, கடைக்காரர் ஜாமெட்ரி பாக்ஸ் என்று ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே அந்த அரைவட்டம் இருந்தது. மகன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினான். அக்காமார் பைக்குள் கேட்ட அதே கலகலச் சத்தம் கேட்டது. அப்போது அப்பா இல்லை.

ஆனால் அந்தக் கோடையில் எனக்கு அது நிலா. பூக்கூடையின் விளிம்பில் செருகி வைத்தால் அசல் பாதி நிலா மாதிரியே இருக்கும். மல்லிகை எல்லாம் நட்சத்திரம். அப்பா அதைப் பார்ப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பூவுக்குத் தண்ணீர் தெளிப்பார். கடைச் சாமானை எடுத்து விளையாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நிலாவை எடுத்து டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுவேன்.