அம்மா அழுத கட்டுரை

தேயிலை மலையைப் 'பச்சைக் கம்பளம்' என்று யாராவது எழுதத் தொடங்கினால் நான் அந்தத் தாளை மூடி வைத்துவிடுவேன். எல்கடுவப் பக்கம் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள் நான். அந்தக் கம்பளத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் குச்சி குத்தும்.

ஆனால் மாத்தளை டவுனில் தமிழ் டிப்ளோமா படிக்கச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு எழுத்து என்றாலே கொண்டாட்டம். சனி, ஞாயிறு வகுப்பு. கீழே மிளகாய்த்தூள் அரைக்கும் கடை, மேல் மாடியில் நாங்கள். விரிவுரையாளர் நல்ல உயரம், நல்ல குரல், எப்போதும் தோய்த்து மடித்த கைக்குட்டை ஒன்று. யாராவது கட்டுரை வாசித்தால் அந்தக் கைக்குட்டை கண்ணுக்குப் போக வேண்டும். போனால் நல்ல எழுத்து, போகாவிட்டால் "இன்னும் உழைக்க வேணும்".

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று இரண்டே வாரத்தில் வகுப்புக்கே தெரிந்துவிட்டது. ஒரு லயம், ஓர் அட்டைக்கடி, ஒழுகும் கூரை, தாயின் கண்ணீர், கடைசி வரியில் விடியல். பல்லேபொலவிலிருந்து வந்த ஒருவன், வீட்டைச் சுற்றி மிளகுக்கொடி வைத்திருக்கிறவன், தேயிலைக் கொழுந்தைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவன், அட்டைக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதினான். கைக்குட்டை நனைந்தது. நாங்கள் படிக்கட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கும் நல்ல புள்ளிகள்தான். எழுதுவது இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று உச்சி குளிர்ந்து திரிந்தேன்.

இரண்டாம் வருடம் 'நான் கண்ட சம்பவம்' என்று ஒரு கட்டுரை கேட்டார். வழக்கம்போல ஒழுகும் கூரையில் ஆரம்பித்தேன். நாலு வரி போவதற்குள் சலித்துவிட்டது. எங்கள் கூரை ஒழுகுவது நின்று ஐந்தாறு வருடமாகிறது, எத்தனை தடவைதான் ஒழுக விடுவது? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பஸ்ஸில் நடந்ததை எழுதினேன்.

கோயில் மாசித் தேர்த் திருவிழாவுக்குத் துணி எடுக்க அம்மாவும் நானும் டவுனுக்குப் போன நாள். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. இஸ்திரி போட்ட சட்டைக்காரன் ஒருவனின் கை அம்மாவின் இடுப்புக்கு வந்தது. அம்மா கத்தவில்லை. அந்தக் கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, எல்லார் தலைக்கும் மேலாகத் தூக்கினார்.

"இது யாரு கை? கைக்குச் சொந்தக்காரன் யாரு? வந்து வாங்கிட்டுப் போ!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதன் தன் கையைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல முடியாமல் நெளிந்தான். அம்மா மற்றக் கையிலிருந்த குடையால் நாலு போட்டார். ட்ரைவரிடம் சிங்களத்தில் நிறுத்தச் சொன்னார். ஆள் நடுவழியில் தேயிலைக்குள் இறங்கி ஓடினான். அதற்குப் பிறகு எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகளுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. ஸ்கூல் பிள்ளைகள்கூட இப்போது கையைத் தூக்கிப் பிடித்து, "இது யாரு கை?" என்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் பஸ் ட்ரைவர் தானாகவே பிரேக் போடுவார்.

இதைத்தான் எழுதினேன், அப்படியே. ஒரு உவமை கிடையாது. எழுதி முடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினால் இத்தனை சந்தோஷம் வரும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

விரிவுரையாளர் வாசித்துவிட்டு, "நல்ல கரு. சின்னத் திருத்தங்களோட நம்ம ஆண்டு மலர்ல போடுவோம். வெளியீட்டு விழாவுக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, பொன்னாடை போத்துவோம்" என்றார். நான் பறந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையை எடுத்து வெயிலில் போட்டார்.

விழாவில் என் கட்டுரையை வாசித்தது ரேடியோக் குரலில் பேசும் ஒரு பெண். பின்னணிக்கு யாரோ போனில் புல்லாங்குழல் போட்டார்கள். 'என் தாய் தலை குனிந்தாள்' என்று அவள் வாசித்ததும் எனக்குக் காது அடைத்தது. 'ஏழைத் தாயவள் யாரிடம் முறையிடுவாள்? முந்தானையால் வாய் பொத்தி விம்மினாள். அவள் கண்ணீர் பேருந்தின் தரையை நனைத்தது.' குடை இல்லை. தூக்கிய கை இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகவில்லை. என் அம்மாவைப் பிடித்து அழுமூஞ்சி ஆக்கியிருந்தார்கள். கையிலிருந்த மலரில் அதற்குக் கீழே என் பெயர். முன் வரிசையில் கைக்குட்டைகள் எழுந்தன. பக்கத்தில் இருந்த ஒரு அம்மணி உச்சுக் கொட்டினார். அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

பொன்னாடை போர்த்தி, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கிக்கொண்டார்.

"வணக்கமுங்க. நா அழுவலைங்க. அவன் கையத் தூக்கிப் புடிச்சேன். கொடையால நாலு போட்டேன். அழுதது அவன்தான்."

மண்டபமே சிரித்தது. கை தட்டினார்கள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் விரிவுரையாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்தீங்களா! உள்ளுக்குள்ள அவ்வளவு துயரம், வெளியில சிரிப்பு. இதுதான் எங்க தோட்டத்துத் தாய்மாரோட வெள்ளந்தி மனசு!" முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். அம்மா சொன்னது அந்தச் சத்தத்தோடு போயிற்று.

பிறகு சிற்றுண்டி நேரத்தில் அவரிடம் போய், "ஏன் மாத்தினீங்க, சேர்?" என்று கேட்டேன். அவர் ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "அடிச்சாங்கன்னு எழுதினா யாருக்கு இரக்கம் வரும் பிள்ளை? நம்ம பொம்பளைங்களச் சண்டைக்காரின்னு காட்டலாமா?" உதட்டில் எண்ணெய் மின்னியது. அன்றைக்கு அந்த எண்ணெயைப் பார்த்த அருவருப்பு இன்னும் போகவில்லை. பஸ்ஸில் கை வைத்தவன் குடையடி வாங்கிக்கொண்டு ஓடினான். இவருக்கோ மாலை போட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், நான் அப்படி எழுதவில்லை என்று சொன்னதும், அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ எழுதலைன்னா, ஒம் பேரு ஏன் அதுல இருக்கு?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனிமேல் பேனாவைத் தொட்டால் என்னைச் செருப்பால் அடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு வாரம் வகுப்புக்கும் போகவில்லை. எழுத்து என்ற சொல்லே நாறியது.

அந்த மலரின் பிரதி ஒன்று எப்படியோ லயத்துக்கு வந்து, வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அடுத்த வீட்டுப் பிள்ளை, பத்தாம் வகுப்பு படிக்கிறவள், அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். முகம் விழுந்திருந்தது.

"அக்கா, அப்ப அத்தை அவன அடிக்கலையா? கையத் தூக்குனாங்கன்னு எல்லாரும் சும்மாவா சொன்னாங்க?"

"ஏன் கேக்குற?"

"போன வாரம் நானும் ஒருத்தன் கையத் தூக்கிட்டேன்கா. இதப் படிச்சதுலருந்து வெக்கமா இருக்கு. பொம்பளப் புள்ள இப்படிச் செய்யக் கூடாதோன்னு."

எனக்கு வந்த கோபத்தில் பேனாவைத் தேடக்கூடப் பொறுமையில்லை. அவளுடைய ஸ்கூல் பேக்கிலிருந்து ஒன்றை உருவினேன். தலை குனிந்ததை அடித்தேன். முந்தானையை அடித்தேன், கண்ணீரை அடித்தேன், தாள் கிழியும் அளவுக்கு. ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில் நடந்ததை எழுதத் தொடங்கினேன். இடம் போதவில்லை, அட்டையின் உள்பக்கத்துக்கும் போனேன். அந்தப் பிள்ளை தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்துக்கொண்டே வந்தாள்.

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அவன் எறங்கி ஓடுறப்ப, 'ஒன் கை புழுத்துப் போவ'ன்னு கத்துனேனே," என்றார் அம்மா. "அத எழுதினியா?"

"எழுதுறேம்மா."

"பெரிசா எழுது."