பென்சிலுக்கு வைத்த பொட்டு

போன சனிக்கிழமை காலை கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் மகள் யாழினிக்கு மூவெட் தேர்வு. யூனிவர்சிட்டிக்குப் போக வேண்டுமென்றால் எழுதியே ஆக வேண்டிய ஆங்கிலத் தேர்வு. பிள்ளைகள் உள்ளே எழுத, பெற்றோர் வெளியே வெயிலில் வேக... இதுவும் ஒரு தேர்வுதான், என்ன, இதற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

முதல் தாள் முடிந்து இடைவேளை. யாழினியும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள். பிரிசில்லா, பண்டமாரான் பக்கத்துப் பெண், வாய் மூடாது. தர்ஷினி, மேருவிலிருந்து வருபவள், வாய் திறக்காது. மூன்று பேருக்கும் வேன் கடையில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். போஸ்ட்மார்ட்டம்!

"அந்தக் கடல்பாசி பேசேஜ், கடைசிக் கேள்வி... நீ என்ன போட்ட?"

"பி."

"ஐயோ, நான் சி லா! செத்தேன்!"

எழுதி முடித்த தாளை இனி யாராவது மாற்ற முடியுமா? முடியாது. ஆனாலும் ஒப்பிடுவார்கள். இரண்டு பேர் 'பி' என்றால் அதுதான் சரியான விடை, 'சி' போட்டவள் கண் கலங்க வேண்டியதுதான். தேர்வு நடத்துகிறவர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்!

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. தர்ஷினியிடம் எதைக் கேட்டாலும் மற்ற இருவரில் ஒருத்தியாவது, "ஆமா, நானும் அதான்" என்றாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் ஒவ்வொரு விடை பொருந்தும்போதும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. செண்டோல் கரைந்து தண்ணீராகிவிட்டது, தொடவே இல்லை.

"என்னம்மா, எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

அவ்வளவுதான். பொலபொலவென்று கண்ணீர்.

"சரியா இருந்து என்ன ஆன்டி... மெஷின் படிக்காதே!"

விக்கி விக்கிச் சொன்னாள். அவள் அம்மா மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அன்று விடிவதற்கு முன்பே கோயிலுக்குப் போய், மகளின் பென்சில்களைப் பிள்ளையார் காலடியில் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, மேலே குங்குமமும் வைத்துக் கொடுத்திருக்கிறார். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்துக்கு வைப்போமே, அதேபோல. ஈரம் காயவில்லை. தேர்வு மண்டபத்தில் தர்ஷினியின் கை வியர்த்திருக்கிறது. விரலில் ஒட்டியது விடைத்தாளுக்குப் போய்விட்டது. வட்டங்களைக் கறுப்பாக்கும் தாள் அது, மெஷின்தான் திருத்தும். வரிசையாக வட்டங்கள் மேல் சிவப்பாக ஒரு தீற்று.

"ரப்பர் போட்டு அழிச்சேன் ஆன்டி. அழிக்க அழிக்கப் பரவுது..."

"கையத் தூக்கி வேற தாள் கேக்க வேண்டியதுதானே?" யாழினி கேட்டாள்.

"கேட்டா, எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? எங்கம்மா செஞ்சதுன்னா?"

அந்தப் பெண்ணுக்குச் சட்டம் படிக்க ஆசை. அவள் கேட்கும் கோர்ஸுக்கு இந்தத் தேர்வில் பேண்ட் ஃபோர் தரம் வேண்டும். ஒரு வரிசை போனால்கூட அது கைநழுவிப் போகலாம். அந்தப் பயத்திலும், அம்மாவைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றல்லவா உட்கார்ந்திருக்கிறாள்!

அப்போது பிரிசில்லா தன் தேர்வுச் சீட்டை எடுத்து நீட்டினாள். மை கரைந்து, பெயர் நீலக் குளமாக இருந்தது.

"இங்க பாரு. எங்கம்மா மாதா கோயில் தீர்த்தம் தெளிச்சதுலா! டீச்சர் என் மூஞ்சையும் சீட்டையும் பத்து தடவ பார்த்தாரு. நான் சொல்லிட்டேன், 'எங்கம்மா ஓவர் சார்'னு."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பிரிசில்லா விடவில்லை. கையைப் பிடித்து, தலைமைக் கண்காணிப்பாளரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சிறிது நேரத்தில் திரும்பி வந்தார்கள். அவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணியாம். தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, குறிப்பு எழுதி இணைக்கிறேன், மெஷின் என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் மகன் பரீட்சை எழுதினப்ப நானும் இந்த மாதிரி ஏதாவது செஞ்சிருப்பேன்" என்றாராம்.

நம் அம்மாக்களுக்கு மொழி வேறு, சாமி வேறு. பதற்றம் மட்டும் ஒன்றுதான்.

அடுத்த தாளுக்கு மணி அடிக்கும் நேரம். மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்து இறங்கினார் தர்ஷினியின் அம்மா. வேலைச் சட்டை, தலையில் இன்னும் ஹெல்மெட். தொழிற்சாலையில் அனுமதி கேட்டு ஓடி வந்திருக்கிறார்.

"எப்படிமா இருந்துச்சு பேப்பரு?"

நாங்கள் மற்ற மூன்று பேரும் தர்ஷினியைப் பார்த்தோம்.

"ஓகேதாம்மா. ஆன்சர் எல்லாம் பேசிப் பார்த்தோம். நல்லா எழுதியிருக்கேன்."

பொய் இல்லை, பாருங்கள்! அம்மாவின் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். சந்தனமும் குங்குமமும்.

"பென்சில எடு. அடுத்த பேப்பருக்கும் வச்சுடறேன்."

பிரிசில்லா வானத்தைப் பார்த்தாள். யாழினி என் கையைக் கிள்ளினாள். தர்ஷினி பென்சில் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தலையை மட்டும் அம்மாவுக்கு முன்னால் குனிந்து நீட்டினாள்.

"நெத்தியில வைம்மா. நல்லா பெருசா வை. பென்சில நான் பாத்துக்கறேன்."

பெற்றவர்களே, ஆசீர்வாதம் செய்ய நெற்றியில் நிறைய இடம் இருக்கிறது!