ஜெனி சரியாகத்தான் வாசித்தாள்

அன்று பொய் சொன்னவன் நான். ஜெனி இல்லை. அடி வாங்கியவள் அவள். கைதட்டல் வாங்கியவன் நான். ஆறு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது மட்டும் ஏன் சொல்கிறேன்? திருந்திவிட்டேனா? இல்லை! கோபத்தில் சொல்கிறேன். கல்லூரி விட்டு வந்து மாலையில் நான் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் அங்கே ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணா, இந்த ஹோம்வொர்க்க பாத்தாலே குப்புறப் படுத்துக்கிடலாம்போல இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்பிடிண்ணா உக்காந்து எழுத மனசு வந்துது?"

கூச்சமே இல்லாமல் பதில் சொன்னேன். சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள், எளிதானதை முதலில் முடி, லட்சியத்தை நினை... த்தூ! எனக்கு மனசு வந்த விதத்தை அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீடு அருமனைக்குப் பக்கம், ரப்பர் தோட்டத்தின் நடுவில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலை. அப்பாவுக்குக் கையெழுத்து போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்த என்னை ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே கேள்வி பதில் அத்தனையும் மூன்று தடவை எழுத வேண்டும். தப்பு வந்தால் ஐந்து தடவை. அதற்கு மேல் வரைபடம், கிராஃப், ரெக்கார்டு. ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு மடங்கு. எதற்கு இந்தச் சுமை? ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாதவன் அதை மூன்று தடவை எழுதினால் தெரிந்துவிடுமா? வீட்டில் யாரிடம் போய்க் கேட்பான்? இன்றும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது!

நான் நோட்டை விரிப்பேன். ஸ்கேல் வைத்து மார்ஜின் போடுவேன். ஒரு பக்கத்துக்கு அல்ல, நோட்டு முழுவதற்கும். அம்மா சீரியலை நிறுத்திவிடுவாள். அப்பா இருமல் வந்தால் முற்றத்துக்குப் போய் இருமுவார். 'பிள்ள படிக்கான்' என்று வீடே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும். அந்த மரியாதைதான் எனக்கு ஆத்திரமூட்டியது. ஒரு தடவையாவது அவர்கள் என்னைத் திட்டியிருந்தால்... பார்த்தீர்களா, இப்போதும் பழியை அவர்கள் தலையில் வைக்கப் பார்க்கிறேன்!

இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியர் என் டைரியில் சிவப்பு மையால் ஆங்கிலத்தில் எழுதினார். உங்கள் மகன் வீட்டுப்பாடம் செய்வதே இல்லை. திங்களன்று உங்கள் கையெழுத்தோடு எல்லா நோட்டையும் முடித்துக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் நீங்கள் நேரில் வர வேண்டும்.

"எந்தாடே மக்கா எழுதியிருக்கு?" என்றார் அப்பா.

"நல்லா படிக்கேன்னு எழுதியிருக்குப்பா. அடியில நீங்க ஒப்பு போடணும்."

அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. என்னிடம் சொல்லாமலே, எல்லோருக்கும் காட்ட டைரியை எடுத்துக்கொண்டு ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டுக்குப் போய்விட்டார். அங்கேதான் பால் வெட்டி முடித்த எல்லோரும் கூடுவார்கள். சற்று நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போனேன். மெஷினை நிறுத்தியிருந்தார்கள்.

"வாவே கலெக்டரே! எஸ்டேட்ட வாங்கினா எங்களுக்கும் ரெண்டு மரம் தருவியா?" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

டைரி ஜெனியின் கையில் இருந்தது. அப்பாவோடு பால் வெட்டும் செலின் அக்காவின் மகள். என் பள்ளியிலேயே எட்டாம் வகுப்பு. ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் பேங்க் மெசேஜானாலும் அங்கே எல்லோருக்கும் அவள்தான் வாசித்துச் சொல்வாள். அதனால்தான் அப்பா அவளிடம் கொடுத்திருக்கிறார்.

"ஏலே, நீ வீட்டுப்பாடமே எழுதல்லண்ணு இதுல இருக்காம். இந்தப் பிள்ள சொல்லுதா. உள்ளதா?"

அப்பாவின் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. இல்லையென்று சொல்லிவிடு மகனே என்ற கெஞ்சல்.

"கள்ளம் பறயுதாப்பா. அவளுக்கு இங்கிலீஷ் கூட்டெழுத்து, சேத்து எழுதுனது, வாசிக்கத் தெரியாது."

ஜெனி டைரியை என் முன்னால் நீட்டினாள். "அப்பம் நீ வாசி. எல்லாரும் கேக்கட்டு."

வாசித்தேன்! சிவப்பு வரிகளுக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே, யுவர் சன் இஸ் எ வெரி குட் ஸ்டூடண்ட், ஐ ஆம் வெரி ஹேப்பி என்று சத்தமாக, தடுமாறாமல். அந்த வருடம் முழுவதும் நான் சொந்தமாகச் செய்த ஒரே ஆங்கிலப் பயிற்சி அதுதான். எல்லோரும் கை தட்டினார்கள்.

செலின் அக்கா மகளை அறைந்தாள். "மத்தவனுக்க பிள்ள நல்லா இருக்கது பொறுக்கல்லியாட்டி ஒனக்கு?" ரப்பர் பால் காய்ந்த கை. ஜெனி அழவில்லை.

நான் வீட்டுக்கு வந்தேன். நோட்டை விரித்தேன். கை தானாக ஓடியது! திங்களன்று அப்பா பள்ளிக்கு வர நேர்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் ஏழு நோட்டையும் ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடித்தேன். ஆசிரியர் நோட்டுகளையும் கையெழுத்தையும் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஒரு நாளும் நான் வீட்டுப்பாடம் தவறவிட்டதில்லை. எனக்கு ஊக்கம் வந்த கதை இதுதான். இன்னொருத்தி கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் ஊர்க் காகிதமெல்லாம் என்னிடம் வந்தது. செலின் அக்காவே ஒருமுறை ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து, "நீ ஒண்ணு பாரு மக்கா, இவளை நம்ப முடியாது" என்றாள். ஜெனி அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் வாசித்துச் சொன்னேன். அந்தச் சீட்டை வாங்கிய என் கையை வெட்டியிருக்க வேண்டாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தோம். லீவுக்கு வந்திருந்த ஜெனியை அப்பா கூப்பிட்டு நிறுத்தினார்.

"மக்களே, நர்சிங் படிக்கியாமே? நல்லா இரி. அண்ணைக்கு நீ சொன்ன கள்ளத்த நான் மனசுல வைக்கல்ல, கேட்டியா? சின்னப் பிள்ளதானே. எப்பவே மன்னிச்சாச்சு."

ஜெனி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். 'அப்பா, அவள் பொய் சொல்லவில்லை.' நான்கே வார்த்தைகள்! நான் குனிந்து போனைப் பார்த்தேன்... திரையில் ஒன்றுமே இல்லை.

"செரி மாமா" என்றுவிட்டு அவள் நடந்து போனாள்.

அப்பா என் தோளில் கை போட்டார். "பாவம். இத்தன வருஷமும் அவளுக்கு மனசு உறுத்தியிருக்கும், இல்லியா மக்கா?"

"ஆமாப்பா" என்றேன்.