கடல் அறுத்த மேடு

பெரியகல்லாறு ஊரில் எங்கள் வீடு கடலோர மணல் மேட்டின்மேல் இருந்தது. ஒவ்வொரு மாரியிலும் அலை அந்த மேட்டின் அடியை அறுக்கும். கோடையில் மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். போட்ட மணல் கீழே பரந்து கிடக்குமே தவிர மேடாக எழும்பாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. மேடு கரைகிறது, வீட்டை உள்ளே தள்ளி வைப்போம் என்று நான் சொன்னபோது அம்மா சிரித்தார்.

"பள்ளிக்கூடத்துக் கடல் வேற, எங்கட கடல் வேற, புள்ள."

அப்பாவிடம் போனேன். "வீடு கொம்மாட சீதனம். நான் வந்து குந்தின ஆள். அவவைக் கேள்," என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த மாரியில் ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம், கரைக்கு இறங்கினேன். மேட்டின் அடி குடைபட்டு, எங்கள் முற்றம் வேர்களின் பிடியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து பொலபொலவென்று மணல் கொட்டியது. நின்றது. மறுபடி கொட்டியது. அலை அங்கே தொடவேயில்லை. அம்மா முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உலக்கைக் குத்துக்கும் ஒரு பிடி மணல்.

கத்தினேன். இரைச்சலில் கேட்கவில்லை. சுற்றி ஏறி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"விடு கா, குத்தி முடியல்ல."

"ஒருக்கா வந்து பாருங்கம்மா. மறுகா என்னை ஏசுங்க."

மேட்டின் வெட்டு முகம் தெரியும் பக்கமாக அவரை நிறுத்திவிட்டு, அப்பாவை வீட்டு வாசலோரம் உலக்கையால் ஒரு தரம் குத்தச் சொன்னேன். குத்தினார். ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அடுத்த அலை அதைக் கரைத்துக்கொண்டு போனது.

அம்மா அப்பாவைப் பின்னால் வரும்படி கையைக் காட்டினார். பிறகு, "ஆக்களைக் கூப்பிடுங்க. கூரையைத் தூக்குவம்," என்றார்.

அயலவர்கள் வந்து கட்டுகளை அறுத்து, தென்னோலைக் கிடுகுக் கூரையை முழுசாகத் தோளில் ஏற்றினார்கள். மழை மறுபடி பிடித்தது. நனைந்த கிடுகு கனத்தது. பின்னால் முற்றம் பிளந்து இறங்கும் சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பவில்லை.

"எங்க வைக்கிற?" என்று தூக்கியவர்களில் ஒருவர் கேட்டார்.

அம்மா என்னைக் காட்டினார். "அவள் சொல்லுவாள். நாளைக்கு அவளுக்குத்தானே வீடு."

கடலுக்கு முதுகைக் காட்டி, ஊருக்கு அந்தப் பக்கம் கிடந்த வாவியை நோக்கி நடந்தேன்.

"தங்கச்சி, இஞ்ச வைப்பமா?"

"இன்னும் கொஞ்சம்."

"வாவிக்குள்ளயா கொண்டுபோற? கழுத்து முறியுது கா!"

கூரைக்கடியில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆயுசில், என் பிள்ளைகளின் ஆயுசில் இந்தக் கடல் எவ்வளவு தூரம் வரும் என்று நான் எந்தப் பாடத்திலும் படித்திருக்கவில்லை. தென்னைகளைத் தாண்டி, காலுக்கடியில் மணல் முடிந்து மண் தொடங்கிய இடத்தில் நின்றேன்.

"இஞ்ச," என்றேன்.